தில்லையடியில் ரோமானியரின் ஒரு மணி எவ்வளவு நீளும்?

ரோமானியர் பகலை, அது நீண்டாலும் சுருங்கினாலும், 12 மணிகளாகவே பிரித்தனர். ரோமின் கோடைப் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம். குளிர்காலப் பகல் 9 மணி நேரம். எனவே அவர்களது ஒரு மணி கோடையில் 75 நிமிடம், குளிரில் வெறும் 45 நிமிடம்!

தில்லையடியில்?

பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் பகலின் நீளம் மாறுகிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மாற்றம் குறைகிறது. தில்லையடி உள்ள இலங்கையின் புத்தளக் கரை அக்கோட்டுக்கு 8 பாகையே வடக்கு. இங்கே அந்த மணி ஆண்டு முழுவதும் 60 நிமிடத்தை ஒட்டியே இருக்கும்.

நிழலும் வேறு. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை இங்கு நண்பகல் நிழல் தெற்கே விழும். ரோமில் எப்போதும் வடக்கேதான். கிளாடியஸ் பேரரசன் காலத்தில் ரோம் சென்ற இலங்கைத் தூதர்கள் அங்கு நிழல் விழும் திசையைக் கண்டு வியந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார்.

அதற்குமுன், காற்றில் அடிபட்ட ரோமானியக் கப்பல் ஒன்று 15ஆம் நாள் இத்தீவின் ‘ஹிப்புரோஸ்’ துறையை அடைந்ததாம். கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. ஆகவே அத்துறை புத்தளத்துக்கு வடக்கேயுள்ள குதிரைமலையே எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தீவை ரோமானியர் அழைத்த ‘தப்ரபேன்’ என்ற பெயரோ, பாலி மொழியின் ‘தம்பபண்ணி’யிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது.