பழி தேடுவதும் காரணம் தேடுவதும்

உடற்குறைபாட்டுடனோ அறிவுத்திறன் குறைபாட்டுடனோ ஒரு குழந்தை பிறந்துவிட்டால், இது எதனால் நேர்ந்தது என்று கேட்பதற்கு முன்பே யாரால் நேர்ந்தது என்ற கேள்வி குடும்பத்தில் எழுந்துவிடுகிறது. முன்வினை, சாபம், கிரகணம் என்று எந்த வழியாகச் சென்றாலும் அக்கேள்வி பெரும்பாலும் தாயின் மேல்தான் வந்து விழுகிறது. இதனால் விளையும் தீங்கு தாயின் மனவேதனையோடு முடிவதில்லை. பழி சுமத்த ஓர் ஆள் கிடைத்துவிட்டபின் உண்மைக் காரணத்தைத் தேடும் முயற்சி நின்றுபோகிறது, தடுத்திருக்கக்கூடிய குறைபாடு அடுத்த குழந்தையிடமும் தொடர வழி ஏற்படுகிறது.

கிரகண வேளையில் கர்ப்பிணி வெளியே வரக்கூடாது, அரிவாள்மணையைத் தொடக்கூடாது, மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்றும் வலுவாக இருக்கிறது. கருவின் மேலுதடு நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையிலேயே ஒன்றுகூடி முடிந்துவிடுகிறது. எனவே ஏழாம் மாதத்தில் தாய் கிரகணத்தைப் பார்ப்பதால் அந்த உதடு பிளக்க வழியே இல்லை. மரபணுக்களின் பங்கு, கர்ப்பத் தொடக்கத்தில் புகையிலைப் பயன்பாடு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவையே இதன் அறியப்பட்ட காரணிகள். நிறைமாதப் பெண்ணை மணிக்கணக்கில் சோறும் தண்ணீரும் இல்லாமல் அறைக்குள் இருத்துவதுதான் இந்த நம்பிக்கை செய்யும் நேரடிக் கேடு.

கருவின் தொடக்க நாட்களில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது வேறொன்று. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும்; முதுகுப் பகுதியில் அது மூடாமல் நின்றால் குழந்தையின் கால்கள் செயலிழக்கவும் சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாமல் போகவும் கூடும். அத்தகைய குறைபாடுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்கள், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை உட்கொண்டால், அது மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 1991இல் காட்டியது. நம் ஊர்களிலோ நாள் தள்ளிப்போனது உறுதியாகி, பெயரைப் பதிவுசெய்து, மாத்திரை கைக்கு வரும்போது அந்த 28 நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. கல்யாணமான பெண்ணுக்குக் குழந்தை எப்போது என்று கேட்கும் சுற்றத்தார் இந்த மாத்திரையைப் பற்றியும் கேட்டால் எவ்வளவோ நன்மை விளையும்.

தமிழ்நாட்டில் மிகுதியாகப் பேசப்படுவதும், அதே அளவுக்குத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமே. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் அவர்களுடைய மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கும், தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால் நான்கில் ஒரு பங்கும் சராசரியாக ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவையாக இருக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள மரபணு சேர்ந்து வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களை ஒடுங்குபண்பு நோய்கள் என்பர்; பிறவிச் செவித்திறன் குறைபாட்டின் பல வகைகள் இதில் அடங்கும். உறவில் மணப்போரிடம் அந்தச் சேர்க்கை நேரும் வாய்ப்பு கூடுகிறது. எந்தத் தம்பதியருக்கும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகள் தீவிரப் பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கும் வாய்ப்பு உண்டு. அத்தை, மாமன் மக்களிடையே நடக்கும் திருமணத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மூன்று தலைமுறையாகச் சொந்தத்தில்தான் கட்டினோம், ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதம் இந்தக் கூடுதலைக் காணத் தவறுகிறது. உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறப்பதைக் காணத் தவறுவது, எல்லாக் குறைபாட்டுக்கும் சொந்தத் திருமணமே காரணம் என்ற எதிர்வாதம். டவுன் நோய்க்குறி, 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது என்பதை பிரான்சில் ஜெரோம் லெஜ்யூன் குழுவினர் 1959இல் வெளியிட்டனர். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, அந்நியத்தில் மணந்தவர்களுக்கும் நேர்வது. ஒடுங்குபண்பு நோயில் தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சரிபாதி என்பதால், மருமகளை மட்டும் குற்றம் சொல்ல அறிவியலில் எள்ளளவும் இடமில்லை.

பிரசவத்தின்போது மூச்சுத் திணறியதால்தான் மூளை முடக்குவாதம் வருகிறது என்ற எண்ணத்துக்கு மருத்துவத்துக்குள்ளேயே நீண்ட வரலாறு உண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் 1861இல் கடினப் பிரசவத்தையே காரணமாகக் காட்டினார். பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு நரம்பியல் மருத்துவராக இருந்தபோது, கருவிலேயே ஏற்பட்ட பாதிப்பின் விளைவாகக்கூடப் பிரசவம் கடினமாகலாம் என்று 1897இல் எழுதினார். குறைமாதப் பிறப்பு, கருப்பைத் தொற்று, கவனிக்காமல் விடப்பட்ட கடுமையான மஞ்சள் காமாலை எனக் காரணங்கள் பலவாக இருப்பதும், பிரசவ நேர மூச்சுத்திணறல் ஒரு சிறு பகுதிக்கே காரணமாவதும் பின்வந்த ஆய்வுகளில் தெளிவாயின.

பிறந்தபின் தடுக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தைராய்டு சுரப்பி சரிவர வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தை அதிகம் அழாது, நெடுநேரம் உறங்கும். வீட்டார் அதைச் சமத்துப் பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருக்கும் வாரங்களிலேயே ஹார்மோன் கிடைக்காமல் மூளையின் வளர்ச்சி பின்தங்குகிறது. குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் இது தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பான அறிவு வளர்ச்சியோடு வளர்வார்கள். இப்பரிசோதனை எல்லா மருத்துவமனைகளிலும் இன்னும் வழக்கமாகவில்லை என்பதால், தாயும் சேயும் வீடு திரும்புவதற்கு முன் பெற்றோரே அதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.