மகேந்திரனின் முரடர்களும் நல்லவர்களும்

மகேந்திரன் இயக்கியவை 12 படங்கள். தமிழ் ரசிகர்கள் இன்றைக்கும் பெயர் சொல்லிக் கொண்டாடுபவை முள்ளும் மலரும், உதிரிப்பூக்கள், ஜானி, நெஞ்சத்தைக் கிள்ளாதே என்று நான்குதான். நான்குமே 1978க்கும் 1980க்கும் நடுவே வந்தவை. பிறகு வந்த நண்டு, மெட்டி, கை கொடுக்கும் கை போன்றவற்றை அவருடைய அபிமானிகளே மெல்லிய குரலில்தான் குறிப்பிடுகிறார்கள். வசனத்தைச் சுருக்கி முகத்தையும் வெளிச்சத்தையும் பேசவிட்டவர் அவர், எண்பதுகளில் ரசிகர்கள் சண்டைப் படங்களின் பக்கம் போய்விட்டதால் தோற்றார் என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதி உண்மை. ஆனால் அதே நிதானம், அதே குறைந்த பேச்சு பின்னால் வந்த படங்களிலும் இருக்கிறதே! மாறியது பாணி அல்ல, கதையின் நடுவில் நிற்கும் ஆள்.

முள்ளும் மலரும் காளியை எடுத்துக்கொள்வோம். மலைமேல் விஞ்ச் ஓட்டுகிறவன்; முரடன், ரோஷக்காரன், தங்கை வள்ளி மீது உயிரையே வைத்திருப்பவன். ஒரு கை போன பிறகும் வீம்பு போகவில்லை. கடைசியில் தங்கையை இன்ஜினீயருக்குக் கொடுக்கச் சம்மதிக்கும்போதுகூட, உங்களை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். திருந்தி அழுது காலில் விழும் அண்ணன்களையே பார்த்துப் பழகிய சினிமாவில் இது பெரிய துணிச்சல். உதிரிப்பூக்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்து, விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவை மகேந்திரன் தானே வளர்த்தார். இந்த மனிதன் கத்துவதில்லை, மீசையை முறுக்குவதில்லை. அடுத்து என்ன செய்வானோ என்ற பயத்தில் அவன் வீட்டார் வாயடைத்துக் கிடக்கிறார்கள். அந்தப் படத்தின் மௌனத்துக்கு எடை தருவது இந்தப் பயம்தான். ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் சொல்லும்போது, நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் அவன் பேசுகிறான். பார்க்கிறவர்களுக்கு நியாயம் கிடைத்த திருப்தி வருவதில்லை. ஜானியில் தான் யார் என்று சொல்ல முடியாமல் தவிக்கும் திருடன், நெஞ்சத்தைக் கிள்ளாதேயில் சந்தேகமும் பிடிவாதமும் என்று முடிச்சு மனிதருக்குள்ளேயே விழுந்திருக்கிறது. சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பவர்கள் இவர்கள். 'தங்கப்பதக்க'த்துக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியவருக்கு, எந்த இடத்தில் பேச்சை வெட்டினால் வலிக்கும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

நண்டில் அந்த முடிச்சு இல்லை. சிவசங்கரியின் நாவலைத் தழுவிய அந்தப் படத்தில் நாயகனை வீழ்த்துவது புற்றுநோய். நோய்க்கு மனசாட்சி கிடையாது. அதோடு மல்லுக்கட்ட முடியாமல் அவன் கிடக்க, நாம் பரிதாபப்படுகிறோம், அவ்வளவுதான். மெட்டியிலும் துயரம் வெளியிலிருந்து வந்து நல்லவர்கள் தலையில் விழுகிறது. கை கொடுக்கும் கையில் பார்வையற்ற மனைவியைத் தாங்கும் கணவனாக ரஜினி வருகிறார். அவரிடம் குறை என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. தீமை முழுவதும் எதிர்த்தரப்பில். நல்லவர்கள் மௌனமாக இருந்தால் அது பொறுமை. பொறுமையை இரண்டரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

வெற்றியின் புகழ் இளையராஜாவுக்கும், ஒளிப்பதிவு செய்த பாலுமகேந்திராவுக்கும் அசோக்குமாருக்கும் போக வேண்டியது என்று வாதிடுபவர்கள் உண்டு. பங்கு உண்டு, மறுக்க முடியாது. நெஞ்சத்தைக் கிள்ளாதேக்காக அசோக்குமார் தேசிய விருதே வாங்கினார். ஆனால் நண்டுக்கும் மெட்டிக்கும் கை கொடுக்கும் கைக்கும் இசையமைத்தவரும் அதே இளையராஜாதான். பாட்டு நின்றது, படம் நிற்கவில்லை. ரஜினி மாறிவிட்டார் என்ற வாதத்துக்கு வலு அதிகம். 1978இல் காளியாக ஒரு கையோடு நின்ற நடிகருக்கு, 1980இல் முரட்டுக்காளை வந்தபின் குறையுள்ள மனிதனாக நிற்கும் சுதந்திரம் சுருங்கிவிட்டது. இது என் கணிப்பை உடைக்கவில்லை. மகேந்திரனுக்குத் தேவைப்பட்ட முரடனை நட்சத்திர பிம்பம் பறித்துக்கொண்டது என்றே ஆகிறது.

பூட்டாத பூட்டுக்களை மட்டும் இந்தக் கணக்கில் அடக்க முடியவில்லை. பொன்னீலனின் கதையை வைத்து 1980இல் எடுத்த படம். குழந்தையில்லாத தம்பதி, வேறொருவன் பக்கம் சாயும் மனைவி. முடிச்சு உள்ளேதான் இருந்தது, சொல்லாமல் விட்டதற்கும் எடை இருந்தது. இருந்தும் ஓடவில்லை. சுந்தரவடிவேலுவின் கொடுமையை அதற்கு முந்தைய ஆண்டு உட்கார்ந்து பார்த்த அதே ரசிகர்கள், ஒரு மனைவியின் சபலத்தைப் பார்க்க மறுத்துவிட்டார்கள்.