எழுத்துக்களுள் ஒளிந்திருக்கும் சொற்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த வல்வெட்டித்துறை, பாய்க்கப்பற் கட்டுதலிலும் கடலோடுதலிலும் பெயர் பெற்ற பட்டினமாகும். அங்கே கட்டப்பெற்ற 'அன்னபூரணி அம்மாள்' என்னும் கப்பல், அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்பவரால் வாங்கப்பெற்று, வேறு பெயர் பூண்டு, வல்வை மாலுமிகளுடன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கடல் கடந்த அப்பட்டினத்தின் பெயர், மொழி கடந்து ஆங்கில எழுத்தில் அமையும்போது எவ்வாறாகின்றது என்பதும் சுவையான செய்தியே.

தமிழில் வல்வெட்டித்துறை என்பது எட்டு எழுத்துக்கள் கொண்ட சொல். இப்போது பெருவழக்காக உள்ள முறைப்படி அதனை ஆங்கிலத்தில் எழுதினால் வி, ஏ, எல், வி, ஈ, டி, டி, ஐ, டி, எச், யூ, ஆர், ஏ, ஐ எனப் பதினான்கு எழுத்துக்கள் வேண்டும். தமிழின் உயிர்மெய் ஒரே எழுத்தாய் நிற்க, ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனியே நிற்பதுதான் இதற்குக் காரணம்.

கொடுக்கப்பட்ட எழுத்துக்களைக் கொண்டு சொற்களைத் தேடுவது ஆங்கிலம் பயில்வோர்க்குப் பயன் தரும் பயிற்சியாகும். அதன் விதி எளியது. ஓர் எழுத்து எத்தனை முறை கொடுக்கப்பட்டிருக்கின்றதோ, அத்தனை முறைக்கு மேல் அதனை எடுத்தாளலாகாது. ஆதலின் முதலிற் செய்யத்தக்கது எழுத்துக்களை எண்ணிக் கொள்வதே. இப்பெயரில் டி மூன்று. வி, ஏ, ஐ ஆகியவை இவ்விரண்டு. எல், ஈ, எச், யூ, ஆர் ஆகியவை ஒவ்வொன்று. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துக்களுள் ஓ ஒன்றே இல்லை.

அடுத்து, சேர்ந்து வரும் இயல்புடைய எழுத்துக்களை இணைத்துப் பார்த்தல் வேண்டும். டியும் எச்சும் இணைந்தால் 'எர்த்' என்னும் பூமியும், 'ட்ரூத்' என்னும் உண்மையும் கிடைக்கின்றன. வி என்னும் எழுத்து ஆங்கிலச் சொல்லின் இறுதியில் நிற்பது அரிது. தனக்குப் பின் ஈயைத் துணைகொண்டே பெரும்பாலும் நிற்கும். அத்துணையைத் தேடினால் 'த்ரைவ்' எனச் செழித்தலைக் குறிக்கும் சொல் தோன்றுகின்றது. 'வர்ச்சூ' என்னும் நற்குணமும், 'ரிச்சுவல்' என்னும் சடங்கும் இப்பெயருள்ளேயே அடங்கியுள்ளன.

மூன்றாவது வழி, எழுத்துக்களை அகரவரிசையில் நிறுத்துவது. பூமியைக் குறிக்கும் 'எர்த்', இதயத்தைக் குறிக்கும் 'ஹார்ட்' ஆகிய இரண்டையும் அவ்வாறு நிறுத்தினால் ஏ, ஈ, எச், ஆர், டி என்னும் ஒரே வரிசையே வரும். ஆகவே ஒரே எழுத்துக்களாலான சொற்கள் யாவும் ஓரிடத்திற் கூடிவிடுகின்றன. கணினியைக் கொண்டு இத்தகைய சொற்களைத் தேடுவதற்கும் இவ்வழி பெரிதும் கைகொடுக்கின்றது.

இங்கே செவி ஏமாறக்கூடிய ஓரிடம் உண்டு. வல்வெட்டித்துறை என்று ஒலித்த அளவிலேயே 'வெல்வெட்' என்னும் பட்டுத் துணியின் பெயர் உள்ளே இருப்பதாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் இல்லை. அதற்கு ஈ இரண்டு வேண்டும், இருப்பதோ ஒன்று. ஆனால் வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் பலவற்றில் இவ்வூர்ப் பெயரின் முதல் ஏ, ஈயாக மாற்றி எழுதப்பட்டிருக்கின்றது. அவ்வெழுத்துக் கூட்டலில் 'வெல்வெட்' முதலிலேயே முழுமையாய் நிற்கும்!

இது வெறும் வேடிக்கையன்று. அகரவரிசைப் பட்டியலொன்றில் ஏயுடன் எழுதப்பட்ட ஊர் வவுனியாவுக்கு முன்னே வரும். ஈயுடன் எழுதப்பட்டால் வவுனியாவையும் வேலணையையும் கடந்து போய்விடும். பழைய பதிவுகளில் தம் முன்னோரைத் தேடும் ஒருவர், ஒரு கூட்டலை மட்டும் அறிந்திருந்தால் மற்றதன்கீழ் உள்ளவற்றைக் காணாமலே திரும்புவார். அன்னபூரணி என்பதையும் இரட்டை ஓ இட்டு எழுதுவோர் உண்டு. யூ இட்டு எழுதுவோரும் உண்டு. ஆகவே எழுத்துக்களை மாற்றி மாற்றி நோக்கும் பயிற்சி, தொலைந்த பெயரை மீட்கும் பயிற்சியுமாகின்றது.

எழுத்துக்களை எண்ணுவதையே அடிப்படையாக்கி உலகப் புகழ்பெற்ற ஆட்டமொன்றை அமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்த அவர், செய்தித்தாட் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என்று எண்ணினார். அவ்வாட்டம் 1948இல் 'ஸ்கிராபிள்' என்னும் பெயர் பெற்றது. அதன் 100 வில்லைகளுள் ஈ 12 உண்டு. வி இரண்டே இரண்டு. வல்வையின் பெயரை அவ்வில்லைகளால் அடுக்கினால் அவ்விரண்டும் தீர்ந்துவிடும். எனினும் ஊர்ப்பெயர்களுக்கு அவ்வாட்டத்தில் இடமில்லை.

தமிழ்க்கடல் ஆங்கிலத்துக்கு அளித்த 'கட்டமரான்' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. கட்டுமரத்தைப் பற்றி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியுள்ளார். ஒன்பது எழுத்துக்களாலான அச்சொல்லினுள் ஏ மட்டும் நான்கு. 'மந்த்ரா' என்னும் மந்திரமும், தெருவுக்கு இடும் 'டார்மாக்' என்னும் தார்க்கலவையும் அதனுள் இருக்கின்றன.

தமிழர்க்கு இவ்விளையாட்டுப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் மாலைமாற்று, முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமைவது. அக்கரச்சுதகம், எழுத்தை ஒவ்வொன்றாய் நீக்க நீக்க வேறு வேறு சொல் தருவது. கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து 'மகரம்' என்னும் கடல்வாழ் உயிரின் பெயரை எடுக்கலாம். அதில் முதலெழுத்தை நீக்கினால் 'கரம்'. இரண்டாம் எழுத்தை நீக்கினால் 'மரம்'.

வீட்டில் ஆங்கிலம் பயிலும் சிறுவர்க்கு விலை கொடுத்து வாங்கும் பலகையும் வில்லையும் வேண்டுவதில்லை. தம் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துக்களை எண்ணி, அகராதியைத் துணைகொண்டு தேடினாற் போதும். புதிய மொழியின் சொற்கள் பெருகும். சொந்த ஊரின் பெயரைப் பிழையின்றி எழுதும் பழக்கமும் உடன் வளரும்.