கடலும் ஒரு சுரங்கமா?

"கடற்கரையே இல்லாத ஊரில் பிறந்தவன் நீ, மீன்பிடித் தொழிலைப் பற்றி நீ எழுதுவதா?" என்று விடுதித் தோழர் ஒருவர் என்னைக் கேலி செய்தார். கேலி நியாயமானதுதான். என் ஊர் பேத்தமங்களா. கோலார் தங்கவயலை அடுத்த சிற்றூர். ஆயினும் எங்கள் ஊர் ஏரியில் தேங்கி நிற்பது பாலாற்று நீர். நந்திமலைப் பகுதியில் தோன்றும் அவ்வாறு, மூன்று மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடி, செங்கற்பட்டு மாவட்டத்து வாயலூரை அடுத்து வங்கக் கடலில் கலக்கிறது. ஆகவே, கடல் எங்களுக்கு முற்றிலும் அயலதன்று.

எங்கள் ஏரி நீரைக் கொண்டே தங்கவயல் தாகம் தீர்த்துக்கொண்டது. என் தாத்தா அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்று, 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். எடுக்க எடுக்கத் தங்கம் அருகியது, செலவு பெருகியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. "தங்கம் குட்டி போடாதுடா, எடுத்தா எடுத்ததுதான்" என்பார் தாத்தா.

அதே 2001ஆம் ஆண்டில்தான் தமிழகக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஒரு தொழில் முடிந்த ஆண்டில், இன்னொரு தொழிலைக் காக்க வேலி போட்டார்கள். அவ்வேலி ஏன் தேவைப்பட்டது?

முன்னாளில் நம் மீனவர் கட்டுமரத்திலும் வல்லத்திலும் பாய் விரித்துச் சென்றனர். காற்றும் கையும் எவ்வளவு தூரம் கொண்டு சென்றனவோ, அவ்வளவே அவர்கள் கடல். 1950களில் நார்வே நாட்டு உதவியுடன் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய திட்டம், விசைப்படகுகளைப் பழக்கத்திற்குக் கொண்டுவந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கவே, இழுவைப் படகுகள் தமிழகத் துறைமுகங்களிலும் பெருகின.

இழுவை மடி என்பது பெரியதொரு பை போன்ற வலை. அதன் வாயை இருபுறமும் இரு பலகைகள் விரித்துப் பிடிக்கும். படகு இழுக்க, மடி கடலடியைத் தடவிக்கொண்டே செல்லும். இறாலை நாடிப் போகும் அவ்வலைக்கு இறால் வேறு, மீன்குஞ்சு வேறு என்று தெரியாது. சந்தைக்கு உதவாத பொடி மீன்கள் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகின்றன. நாளைய மீன் இன்றைய தீவனமாகிறது!

மீன் குட்டி போடும். அதுவே தங்கத்திற்கும் மீனுக்கும் உள்ள வேறுபாடு. ஒரு தாய் இறால் ஒரே தடவையில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். அதன் குஞ்சுகளிற் பல, ஆற்று முகத்துவாரங்களின் உப்பங்கழியில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். வளரச் சிறிது காலம் விட்டால் போதும், கடல் வட்டியோடு தரும். அதனால்தான் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. முதலில் 45 நாளாக இருந்த தடை, பின்னர் 61 நாளாயிற்று. தமிழகத்தின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடற்பரப்பு சிறு படகுகளுக்கே உரியது.

சென்ற கோடை விடுமுறையில், எங்கள் ஆறு எங்கே முடிகிறது என்று காண வாயலூர்ப் பக்கம் போனேன். தடைக்காலம் அது. கரையில் பைபர் படகோரம் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இந்த ரெண்டு மாசந்தான் தம்பி எங்க வலையிலயும் நல்ல மீன் விழுது. பெரிய படகு கிளம்பிட்டா, கரைகிட்ட வந்தே வாரிக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

"அவர்களும் பிழைக்க வேண்டாமா, ஐயா?" என்றேன்.

"வேணுந்தான். கடன் வாங்கிப் படகு கட்டினவன், டீசல் போட்டவன், வெறுங்கையோட திரும்ப முடியுமா? அதான் குஞ்சைக்கூட விட மாட்டேங்கிறான்."

பகைவனைப் பற்றிப் பேசுகிறவர் குரலாக அது இல்லை. கடன்பட்ட உறவினனைப் பற்றிப் பேசும் குரலாகவே இருந்தது. தடைக்காலத்தில் அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் கடனுக்கு வட்டி நிற்பதில்லை. வேலி போடுவது மட்டும் போதாது. வேலிக்கு வெளியே நிற்பவனுக்குச் சோறும் வேண்டும் என்பது அன்று எனக்கு விளங்கியது.

வேலி போடத் தவறியவர் கதையும் உண்டு. கனடா நாட்டு நியூபவுண்லாந்துக் கடலில் காட் என்னும் மீன் அள்ளக் குறையாது என்று நம்பினார்கள். பெரிய கப்பல்கள் அள்ளின. 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். அந்தத் தடையை நீக்க 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் சிறிய அளவு மீன் பிடிப்பதற்கே இசைவு கிடைத்தது. கடலையும் சுரங்கமாக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தோழர்களே! சுரங்கம் மூடப்பட்ட ஊர் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இளைஞர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போவதும், முதியவர் திண்ணையில் அமர்ந்து பழைய நாளைப் பேசுவதும் நான் கண்டு வளர்ந்த காட்சிகள். தங்கத்திற்கு வேறு வழியில்லை. அது தீர்ந்தே ஆக வேண்டும். கடலுக்கு அவ்விதி இல்லை. நம் கடற்கரைக் குப்பங்களுக்கும் அக்காட்சி வராமல் தடுக்க முடியும்.

அந்தக் கரையில் நின்று பார்த்தபோது பாலாறு மணலாகவே கிடந்தது. மழைக்காலத்தில் எங்கள் ஏரி நிரம்பி வழியுமானால், அந்நீரில் ஒரு துளியேனும் இங்கு வந்து ஒரு இறால் குஞ்சை வளர்க்கட்டும் என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்பினேன். தாத்தாவிடம் சொன்னேன். "குட்டி போடற தங்கத்தையா அவங்க அழிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, நெடுநேரம் அவர் பேசவில்லை.