வேடனே இரையின் வேடம் போடும் காடு

மே மாதத்தின் முதல் வாரம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஓக் மரக் காடு. இன்னும் முழுதாக விடியவில்லை. மரத்தடியில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தலை முதல் கால் வரை இலை நிற உடை, முகத்தில் வலை, கையில் உறை. பக்கத்தில் வில். வாய்க்குள் அடக்கிய மெல்லிய ரப்பர் சவ்வை ஊதி, பெட்டை வான்கோழியின் குரலில் அழைக்கிறார். எதிரே இருபதடி தொலைவில் ஒரு வான்கோழி பொம்மை. எங்கிருந்தோ ஒரு சேவல் பதில் குரல் கொடுக்கிறது. அதே குரல்களை மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வேட்டைக்காரரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கையில் ஷாட்கன் இருக்கிறது.

மனிதரைப் பறவை என்று எண்ணிச் சுடும் விபத்துகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

காட்டு வான்கோழி வேட்டைக்கு வில்லோடு போகிறவர்கள் பலரிடம் ஒரு நினைப்பு உண்டு: துப்பாக்கிதான் ஆபத்து, வில் சாதுவான கருவி. இந்த நினைப்பு இரண்டு விதத்தில் தவறு. வில் வைத்திருப்பதால் பிறர் துப்பாக்கியிலிருந்து தப்பிவிட முடியாது. வில்லிலேயே இருக்கும் ஆபத்துகளும் சிறியவை இல்லை. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதன் விலை

அமெரிக்காவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் பெரும்பாலான மாநிலங்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலுடை அணிய வேண்டும். மானின் கண்ணுக்கு அந்த நிறம் தனியாகத் தெரியாது, மனிதக் கண்ணில் அது உடனே படும். அந்த ஒரு துணி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

வான்கோழியிடம் இந்த உபாயம் செல்லாது. அது நிறங்களை நன்றாகப் பிரித்தறியும் பறவை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைச் சற்றே திருப்பினால் சுற்றிலும் பார்த்துவிடும். சின்ன அசைவு கண்ணில் பட்டாலும் விலகிவிடும். அதனால் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு நிறத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டோடு காடாகக் கலந்துவிடுகிறார்கள். பறவையிடமிருந்து மறைகிறவர் சக மனிதரிடமிருந்தும் மறைந்துவிடுகிறார்.

அதற்கு மேல் குரல் வேறு. மரப்பெட்டியின் மூடியை உரசியும், கற்பலகையில் குச்சியைத் தேய்த்தும், வாய்ச் சவ்வை ஊதியும் பெட்டையின் அழைப்பை அச்சு அசலாக எழுப்புகிறார்கள். பக்கத்திலேயே பொம்மைப் பறவை. தோற்றம் மறைந்து, குரல் பறவையுடையதாகி, அருகில் பறவையின் உருவமும் நிற்கும் இடத்தில் மனிதன் இருக்கிறான் என்பதற்கு அடையாளமே இல்லை. வேடனே இரையின் வேடம் போட்டுக்கொள்ளும் வேட்டை இது.

வசந்தகாலப் பருவம் பெரும்பாலான மாநிலங்களில் ஷாட்கன்னுக்கும் வில்லுக்கும் சேர்த்தே திறக்கப்படுகிறது. வான்கோழிக்கென்று செய்யப்படும் ஷாட்கன் தோட்டா 40 கெஜம், அதாவது ஏறக்குறைய 37 மீட்டர் தொலைவில் பறவையின் தலையையும் கழுத்தையும் குண்டுமணிகளால் துளைப்பதற்காகவே ஆனது. நீங்கள் வில்லோடு உட்கார்ந்திருப்பது எதிரில் வருபவருக்குத் தெரியாது.

பல மணி நேரம் ஒரு சேவலுக்காகவே காத்திருக்கும் மனம், புதரின் அசைவையும் ஒரு நிறத் துணுக்கையும் ஒரு குரலையும் சேர்த்துத் தானே ஒரு பறவையைக் கட்டிவிடும். சுட்டவர் பொய் சொல்வதில்லை. பறவையைப் பார்த்ததாகவே அவர் நம்பியிருப்பார்.

ஆகவே சில விதிகளை உயிர் விதிகளாகக் கொள்ள வேண்டும்.

வளர்ந்த சேவலின் தலையும் கழுத்தும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் இருக்கும். இந்த நிறங்களில் கைக்குட்டை, காலுறை, உள்சட்டை என எதுவும் உடலில் இருக்கக் கூடாது. கால்சட்டை சற்று மேலேறும்போது தெரியும் வெள்ளைக் காலுறையும் ஒரு தலையாகத் தோன்றலாம்.

தோள்களைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். பின்னாலிருந்து வரும் குண்டை அந்த மரம்தான் தாங்கும். பொம்மையை வைக்கும்போது, அதைக் குறிபார்ப்பவரின் நேர்கோட்டில் நீங்கள் இருக்கக் கூடாது.

வேறொருவர் நெருங்கி வருவது தெரிந்தால் கையசைக்காதீர்கள். பறவைக் குரலில் எச்சரிக்கவும் கூடாது. அசையாமல் இருந்தபடி, மனிதக் குரலில், உரக்க, "நில்லுங்கள், இங்கே ஆள் இருக்கிறேன்" என்று கத்துங்கள். சேவல் ஓடிப்போகும், போகட்டும்.

வேட்டையாடிய பறவையையும் பொம்மையையும் தோளில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். ஆரஞ்சு நிறப் பையில் போட்டு முழுதாக மூடி எடுத்து வாருங்கள். இடம் மாறி நடக்கும்போது ஆரஞ்சு தொப்பி அணியுங்கள். வில்காரர்கள் விரும்பும் மடக்குக் கூடாரமும் உங்களை முழுதாக மறைத்துவிடுவதால், அதன் மேல் எல்லாத் திசைக்கும் தெரியும்படி ஆரஞ்சுத் துணி கட்டுங்கள்.

சேவலின் விரித்த வாலை விசிறிபோல் முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு, தவழ்ந்து பறவையை நெருங்கும் முறை ஒன்று பரவியிருக்கிறது. ஆத்திரமடைந்த சேவல் ஓடி வரும் என்பதால் வில்காரர்களையும் அது ஈர்க்கிறது. பிறர் துப்பாக்கியோடு உலவக்கூடிய காட்டில், சேவலின் வாலை முகத்தில் பிடித்துத் தவழ்வதைவிட ஆபத்தான ஒன்றை யோசிப்பது கடினம். பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழியைக் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் வேட்டையாடலாம். பதுங்கி நெருங்குவதற்கு அனுமதி இல்லை. அந்த விதியின் காரணம் மேலே சொன்னதுதான்.

கைமுஷ்டி அளவு இலக்கு

இனி வில்லின் பக்கம். ஷாட்கன் நூற்றுக்கணக்கான குண்டுமணிகளைப் பரப்பித் தலையையும் கழுத்தையும் தாக்குகிறது. அம்பு ஒன்றே ஒன்று. அது கொல்வது கூரிய முனை ஏற்படுத்தும் இரத்தப்போக்கால். இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் வான்கோழியில் ஒரு கைமுஷ்டி அளவுதான்.

வயது வந்த சேவல் 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. இறகுகளைச் சிலிர்த்து வாலை விரித்து நிற்கும்போது அது இன்னும் பெரிதாகத் தெரியும். அந்தப் பெருக்கத்தில் பெரும்பகுதி வெறும் இறகு. உருவத்தின் நடுவில் குறிவைக்கும் புதியவரின் அம்பு, இறகை மட்டும் கிழித்துக்கொண்டு போகும். அதைவிடக் கெட்டது, குடலிலோ தசையிலோ தைத்து நிற்கும்.

காயம்பட்ட மான் பெரும்பாலும் நிலத்தில் இரத்தத் தடம் விட்டுச் செல்லும். வான்கோழியின் அடர்ந்த இறகுகள் அந்த இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். தரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவும், குறைந்த தூரத்துக்கு அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கவும் வல்ல பறவை அது. பறந்துவிட்டால் தடமும் இல்லை. எங்கோ புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும். அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

தூரத்தின் கணக்கை எவரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு காம்பவுண்ட் வில்லின் அம்பு நொடிக்கு 85 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கெஜத்தைக் கடக்க ஏறக்குறைய 0.2 நொடி, 40 கெஜத்துக்கு 0.4 நொடிக்கும் மேல். நாண் எழுப்பும் ஒலி அம்பை முந்திக்கொண்டு பறவையை அடைந்துவிடும். ஒலியைக் கேட்டு மிரளாவிட்டாலும், நடந்துகொண்டிருக்கும் சேவல் 0.4 நொடியில் ஓர் அடி நகர்ந்துவிடும். கைமுஷ்டி அளவு இலக்கு ஓர் அடி தள்ளிப்போனால் அம்பு எங்கே படும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே 20 கெஜத்துக்கு மேல் அம்பு விடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். அந்தத் தூரத்தில், வேட்டைக்குப் பயன்படுத்தும் அதே முனையோடு, கூடாரத்தில் உட்காருவதுபோல் முக்காலியில் உட்கார்ந்து, முஷ்டி அளவு வட்டத்தில் ஒவ்வொரு அம்பையும் தைக்கத் தெரியாதவர் காட்டுக்குப் போகலாகாது.

கழுத்தைத் துண்டிப்பதற்கென்று நீண்ட கத்திகளோடு வரும் அகல அம்புமுனைகளும் கடைகளில் கிடைக்கின்றன. பட்டால் உடனே சாவு, படாவிட்டால் பறவைக்குக் காயமே இல்லை என்பது அவற்றுக்குச் சொல்லப்படும் நியாயம். சேவலின் தலையோ ஒரு கணமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்தக் கத்திகள் சாதாரண முனையைப்போலப் பறக்காது. பழகாத கையில் அவை வில்லிலும் கூடாரத் துணியிலும் சிக்கும்.

கையில் இருக்கும் கருவி

இன்றைய அம்புகளில் பெரும்பாலானவை கார்பன் இழையால் ஆனவை. கல்லிலோ மரத்திலோ மோதிய அம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். அதை மறுபடி நாணில் பூட்டி விட்டால், வில்லிலேயே உடைந்து, வில்லைப் பிடித்திருக்கும் கையில் சிராய்களாகத் தைக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் அம்பை மெல்ல வளைத்து, திருப்பி, விரிசல் சத்தம் வருகிறதா என்று பார்க்கும்படி தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள். பறவையின் உடலுக்குள் அம்பு உடைந்தால், அதைச் சுற்றியுள்ள இறைச்சியை வெட்டி எறியுங்கள். அந்த இழைத் துணுக்குகள் வயிற்றுக்குள் போகக் கூடாது.

அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள் திரும்பி அதைச் சிதறடிக்கும். துப்பாக்கிபோல் பிடித்து எய்யும் கிராஸ்போ வில்லை வைத்திருப்பவர், அதன் முன்பிடியைப் பிடிக்கும்போது விரல்களும் கட்டைவிரலும் நாண் ஓடும் பாதைக்குக் கீழே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மேலே நீண்ட கட்டைவிரலை நாண் வெட்டிவிடும்.

அம்புமுனை சவரக்கத்திக்கு நிகரான கூர்மை உடையது. அடிபட்ட சேவலைத் துரத்தும் பதற்றத்தில் அம்பு பூட்டிய வில்லோடு ஓடி, வேரில் தடுக்கி, தன் முனையிலேயே விழுகிற ஆபத்து உண்மையானது. அம்பறாத்தூணியில் முனைகள் மூடியிருக்கட்டும். நடக்கும்போது நாணில் அம்பு இருக்கக் கூடாது.

இன்னொரு எதிரி மிகச் சிறியது. வசந்தகாலத்தில் மரத்தடியில் அசையாமல் மணிக்கணக்கில் உட்காருகிறவர் மீது உண்ணிகள் ஏறும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4,76,000 பேர் உண்ணிகள் பரப்பும் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் மதிப்பிடுகிறது. உடையில் உண்ணிகளைக் கொல்லும் பெர்மெத்ரின் மருந்தைத் தெளிப்பதும், வீடு திரும்பியதும் உடல் முழுவதும் தேடிப் பார்ப்பதும் வேட்டையின் பகுதியாக வேண்டும்.

மீண்டு வந்த பறவை

கண்மூடித்தனமான வேட்டையாலும் காடழிப்பாலும் 1930களில் காட்டு வான்கோழி அழிவின் விளிம்புக்குப் போனது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குகளுக்கு ஒதுக்கியது. 1972-இல் வில், அம்புகளும் அந்த வரிக்குள் வந்தன. 1951-இல் தென் கரோலினாவில் பீரங்கிபோல் வீசப்படும் வலைகொண்டு காட்டுப் பறவைகளைப் பிடித்து வேறு காடுகளில் விடும் முறை தொடங்கியது. இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய 60 லட்சம் காட்டு வான்கோழிகள் இருக்கின்றன. ஆனாலும் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் எண்ணிக்கை மறுபடி சரிந்துவருகிறது. இத்தனை பேரின் உழைப்பில் மீண்ட பறவையை, எட்டாத தூரத்தில் அம்பு விட்டுப் புதரில் சாகவிடுவது அந்த உழைப்புக்கே செய்யும் துரோகம்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முதன்முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் நியூயார்க், 1949-இல். இன்று எல்லா மாநிலங்களிலும் இந்த வகுப்பு உண்டு. சில மாநிலங்கள் வில் வேட்டைக்குத் தனி வகுப்பும் நடத்துகின்றன. இந்தியாவில் வேட்டையைக் கட்டுப்படுத்திய 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறிய தமிழருக்குப் பெரும்பாலும் வேட்டைக் காட்டின் பழக்கம் கிடையாது. அலுவலக நண்பர் ஒரு நாள் வசந்தகால வேட்டைக்கு அழைத்தால், பாதுகாப்பு வகுப்பிலிருந்து உங்களுக்கு விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை முடித்துவிட்டே போங்கள். அந்த மாநிலத்தின் அந்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தையும் படித்துவிடுங்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

காட்டில் கடைசியாக நினைவில் இருக்க வேண்டியது ஒன்றுதான். குரலை நம்பாதீர்கள், அசைவை நம்பாதீர்கள், நிறத்தை நம்பாதீர்கள். தலை, உடல், மார்பில் தொங்கும் தாடி என முழுப் பறவையையும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் கண்ணால் கண்ட பிறகே நாணை இழுங்கள். சந்தேகம் வந்தால் வில்லைத் தாழ்த்துங்கள். அன்று வெறுங்கையோடு திரும்புகிறவர் மறுநாள் விடியலில் அதே மரத்தடிக்கு வரலாம்.