பூச்சியைச் சாட்சிக்கு அழைத்த ஓவியர்

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி காலை, சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் பணியாளர் ஒருவரின் சப்பாத்தில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரிக்கைக் கருவி சத்தமிட்டது. தங்களுடைய உலையில்தான் கசிவு என்று நினைத்து முதலில் அங்கேயே தேடினார்கள். அங்கு ஒன்றுமில்லை. அந்தத் தூசு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், சோவியத் உக்ரைனின் செர்னோபிலிலிருந்து காற்றோடு வந்திருந்தது. இரண்டு நாட்களுக்கு முன் உலை வெடித்ததைச் சோவியத் அரசு அதுவரை வெளியே சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்கெங்கு மழை பெய்ததோ அங்கெல்லாம் தூசு மண்ணில் இறங்கியது. சுவீடனில் யேவ்லே நகரைச் சுற்றிய பகுதி அதிகமாக வாங்கிக்கொண்டது. சுவிற்சர்லாந்தின் தெற்கிலுள்ள திச்சினோ மாநிலத்திலும் படிந்தது.

மேற்கு ஐரோப்பாவில் படிந்த அளவு மிகச் சிறியது, உயிர்களின் உடலில் கண்ணுக்குத் தெரியும் பாதிப்பை அது உண்டாக்காது என்பதே நிபுணர்களின் பொதுவான நிலைப்பாடாக இருந்தது. கணக்கின்படி அப்படித்தான். ஆனால் வயலுக்கும் காட்டுக்கும் போய், அங்குள்ள சிறிய உயிர்களின் உடலைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொன்னவர்கள் அரிது. பார்க்கப் போனவர் விஞ்ஞானி இல்லை. கோர்னேலியா ஹெஸ்ஸ-ஹொனெகர் என்ற சூரிச் நகரத்து ஓவியர்.

1944இல் பிறந்தவர். தந்தை கொட்ஃபிரீட் ஹொனெகர் வடிவியல் வடிவங்களைக் கொண்டு இயங்கிய பெயர்பெற்ற ஓவியர். தாய் வார்யா லாவாட்டர் நூல்களுக்குப் படம் வரைந்தவர். மகள் தேர்ந்தெடுத்தது விஞ்ஞானச் சித்திரம். சூரிச் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் நிறுவகத்தில் 25 ஆண்டுகள் சித்திரக்காரராக இருந்தார். அங்கு அவர் வரைந்தவற்றில் பழ ஈக்கள் முக்கியமானவை. பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்த ஈயின் உறவுதான். மரபியல் ஆய்வுக்காக அதன் உணவில் இரசாயனத்தைக் கலந்து வேண்டுமென்றே உருக்குலைப்பார்கள். கண் இல்லாதது, இறக்கை சுருண்டது, கால் இடம்மாறி முளைத்தது. அப்படி உருக்குலைந்த ஒரு வகைக்கு ஆய்வுகூடத்தில் 'குவாசிமோடோ' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு நாவலில் வருகிற, தேவாலயத்தில் மணியடிக்கும் கூனனின் பெயர் அது.

இந்த ஈக்களுக்குக் கதிரியக்கத்தோடு பழைய தொடர்பு ஒன்று உண்டு. கதிர் பட்டால் உடல் மட்டும் அல்ல, தலைமுறைக்குக் கடத்தப்படும் மரபுப் பொருளும் கெடும் என்பதை 1927இல் ஹேர்மன் முல்லர் எக்ஸ் கதிர்களால் நிறுவியது பழ ஈயில்தான். அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1946இல், ஹிரோஷிமாவுக்கு அடுத்த ஆண்டு. ஆகவே ஆய்வுகூடத்தில் உருக்குலைந்த பூச்சி எப்படியிருக்கும் என்று கண் பழகிய ஒருவர், ஆய்வுகூடத்துக்கு வெளியே அதே மாதிரியான விபத்து நடந்தபோது என்ன நினைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

அவர் தேடிப்போன உயிர் வேறு. இலைகளில் வாழ்ந்து தண்டிலும் இலையிலும் சாறு உறிஞ்சும், மூட்டைப்பூச்சியின் வரிசையைச் சேர்ந்த சிறிய பூச்சிகள். வசதிக்காக இலைமூட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். நெல் பால்பிடிக்கும் நேரத்தில் கதிரை உறிஞ்சிப் பதராக்குகிற, கையில் நசுங்கினால் நாறுகிற பூச்சியை வன்னியில் வயல் செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதுவும் இதே வரிசைதான். இவற்றை அவர் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. பெரும்பாலானவை தூரம் போகாதவை. ஒரு பற்றையில் பிறந்தால் தலைமுறையாக அதையே சுற்றிக் கிடக்கும். அந்தச் செடி எதை மண்ணிலிருந்து எடுத்ததோ, எது அதன் இலையில் படிந்ததோ, அது பூச்சியின் உடலுக்குள்ளும் போகும். போகிற இடமில்லாத உயிர் என்பதாலேயே இடத்தைப் பற்றிச் சொல்லக்கூடியது.

1987 கோடையில் யேவ்லேக்கு அருகிலுள்ள ஊர்களில் தேடத் தொடங்கினார். அகப்பட்டவற்றில் ஒன்றின் இடது கால் குட்டை. வேறு சிலவற்றின் உணர்கொம்புகள் கணுக்கள் கலங்கி உருவமற்றுத் தடித்திருந்தன. ஒன்றின் கண்ணிலிருந்து கறுப்பாக எதுவோ முளைத்திருந்தது. அதன்பின் திச்சினோவிலும் தேடினார். அங்கிருந்து கொண்டுவந்த பழ ஈக்களை வீட்டில் வளர்த்தபோது அடுத்தடுத்த தலைமுறைகளிலும் குறைபாடுகளைக் கண்டார். 1988 ஜனவரியில் சூரிச் நாளிதழ் ஒன்றின் வார இதழில் தன் ஓவியங்களோடு எழுதினார்.

வரவேற்பு கடுமையாக இருந்தது. விஞ்ஞானிகள் பலர் இதை ஆய்வாகவே ஏற்கவில்லை. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது, அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது சரியில்லை. எந்தப் பூச்சிக்கூட்டத்திலும் இயல்பாகவே சில உருக்குலைந்து பிறக்கும். பூஞ்சை, ஒட்டுண்ணி, பூச்சிநாசினி, தோல் கழற்றும்போது ஏற்படும் காயம் என்று காரணங்கள் பல. பாதிக்கப்படாத இடத்திலிருந்து அதே எண்ணிக்கையைப் பிடித்து ஒப்பிடாமல், 'இது செர்னோபிலால்' என்று ஒருவராலும் சொல்ல முடியாது. குறைபாட்டைத் தேடிப் போகிற கண்ணுக்குக் குறைபாடே அதிகம் தென்படும் என்பதும் உண்மை.

ஆனால் எதிர்ப்பாளர்கள் அதற்கடுத்த அடியை எடுத்து வைக்கவில்லை. 'உங்கள் முறை சரியில்லை, நாங்கள் சரியான முறையில் எண்ணிப் பார்க்கிறோம்' என்று வயலுக்கு இறங்கியிருக்கலாம். அவ்வளவு சிறிய அளவால் இது நடக்காது, ஆகவே தேட வேண்டியதில்லை என்ற வாதத்தோடு பேச்சு நின்றுபோனது. எனக்கு இது பழக்கமான வாதமாகத் தோன்றுகிறது. நடந்திருக்க முடியாது, ஆகவே நடக்கவில்லை, ஆகவே விசாரிக்கத் தேவையில்லை.

அவர்தான் இறங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் 16,000க்கும் மேற்பட்ட இலைமூட்டைகளைச் சேகரித்து ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். எம்மவர் பலர் வசிக்கிற ஆர்காவ் மாநிலத்து அணுமின் நிலையங்களின் சுற்றுப்புறம், இங்கிலாந்தின் செலாஃபீல்ட், பிரான்சின் லா ஹேக், அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் என்று விபத்து நடந்த இடங்களையும், எந்த விபத்தும் இல்லாமல் வழமைபோல இயங்கிய இடங்களையும் சேர்த்தே பார்த்தார். தொகுப்பு 2008இல் ஓர் ஆய்விதழில் வெளியானது. ஓரளவு கெடாத இடங்களில் 1 முதல் 3 வீதமாக இருக்கும் உருக்குலைவு, சில இடங்களில் 22 வீதம் வரை போனதாக அதில் பதிவு செய்திருக்கிறார். லா ஹேக்கில் அணுக்கழிவை மீள்பதனிடும் ஆலையைச் சுற்றி 13 இடங்களில் பிடித்த 650 பூச்சிகளை வைத்துச் செய்த கணக்குத்தான் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது. காற்றுக்கு முகம் கொடுத்த இடங்களா, மேட்டால் மறைக்கப்பட்ட இடங்களா என்பதோடு குறைபாடு பொருந்திப்போவதாக அவர் கண்டார். ஆலையிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்று வட்டம் போட்டுப் பார்த்திருந்தால் இது அகப்பட்டிராது. நிலத்தில் நடந்து திரிந்தவருக்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற கேள்வி வரும்.

இதுவும் காரணத்தை நிரூபித்துவிடவில்லை. இரண்டு விடயங்கள் சேர்ந்து வருகின்றன என்பது வரையில்தான் அது நிற்கிறது.

சரி, இதில் ஓவியம் எதற்கு? கமராவால் எடுத்திருக்கலாமே? நுணுக்குக்காட்டியின் கீழ் பூச்சியை வைத்தால் ஒரு தளம் தெளிவாகத் தெரியும்போது மற்றத் தளம் மங்கும் என்பது தொழில்முறைக் காரணம். ஓவியர் எல்லாத் தளங்களையும் பார்த்து ஒரே தாளில் கொண்டுவரலாம். இதைவிடப் பெரிய காரணம், வரைவதற்கு எண்ண வேண்டும் என்பது. உணர்கொம்பில் நான்கு கணுக்களா மூன்றா, வலது இறக்கையின் ஓரம் இடதோடு பொருந்துகிறதா, முதுகின் கவசத்தில் அந்தப் பள்ளம் இருக்க வேண்டியதா. சில மில்லிமீற்றர் உடலை மணிக்கணக்கில் இப்படிக் கேட்டுக்கொண்டே போனால்தான் நீர்வண்ணத்தில் அது உருவாகும். அவர் ஓவியங்களில் அழுகையோ அலங்காரமோ இல்லை. பச்சை பச்சையாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் இருக்கிறது. முதலில் அழகான ஒரு பூச்சி தெரிகிறது. பிறகுதான் ஒரு பக்கம் மறுபக்கம்போல இல்லை என்று கண் தடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சிகளை அவர் கொன்று, ஊசியில் குத்தி வைத்துத்தான் வரைந்தார். இயற்கையோடு உறவு என்றவுடன் மனதில் வருகிற மென்மையான படம் இதில்லை. உறவு என்பதை அவர் வேறொரு இடத்தில் வைத்தார். பூச்சிக்கு நேர்ந்ததை 'பூச்சிக்குத்தானே' என்று தள்ளாமல், நமக்கு நேரக்கூடியதன் முதல் செய்தியாக எடுத்துக்கொள்வதில்.

அதற்கு உயிரியலில் உறுதியான அடிப்படை இருக்கிறது. சூரிச்சிலிருந்து அதிக தூரமில்லாத பாசல் நகரில், வோல்டர் கேரிங்கின் ஆய்வுகூடம் 1995இல் ஒரு சோதனையை வெளியிட்டது. எலியின் கண் உருவாகக் காரணமான மரபணுவை எடுத்துப் பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் இயங்க வைத்தார்கள். அங்கு கண் முளைத்தது. எலியின் கண் அல்ல, ஈயின் பலமுகக் கண். 'இங்கே கண் செய்' என்ற கட்டளை எலிக்கும் ஈக்கும் பொதுவாக இருக்கிறது. நமக்கும் அதே மரபணுதான். நாமும் ஈயும் பிரிந்த இடம் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இருக்கிறது. அந்தக் கட்டளை இன்னும் மாறவில்லை.

பார்த்தவரின் சொல்லுக்கும் அளந்தவரின் அறிக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது எங்களுக்குப் புதிதில்லை. சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரத்தில், தண்ணீர் எண்ணெய் மணக்கிறது என்று சொன்னவர்கள் அதை அள்ளிக் குடித்தவர்கள். குடிக்கலாமா கூடாதா என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டபோது 2019 ஏப்ரல் ஆகிவிட்டது. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற பலகையைக் கடந்து தன் காணிக்குத் திரும்பிய ஒருவர், இந்த மண்ணில் வேறென்ன கிடக்கிறது என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு எந்தத் திணைக்களத்தில் படிவம் இருக்கிறது? அளக்கும் கருவி அவரிடம் இல்லை. கண் இருக்கிறது.

கண்ணோடு மட்டும் நின்றுவிடவும் கூடாது என்பதற்கு ஃபுக்குஷிமா உதாரணம். 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் சுனாமியும் அங்குள்ள அணுவுலைகளை முடக்கின. இரண்டு மாதம் கழித்து மே மாதத்தில் ஒக்கினாவாவின் ரியூக்கியூ பல்கலைக்கழகத்து ஜோஜி ஒட்டாக்கியின் குழு அப்பகுதியில் சிறிய நீலப் பட்டாம்பூச்சிகளைப் பிடித்தது. அவற்றின் புழுக்கள் தின்பது புளியாரை இலையை. எங்கள் முற்றத்திலும் பூச்சாடியிலும் களையாக வரும் அதே புளியாரை. சிலவற்றின் இறக்கை சிறுத்திருந்தது, சிலவற்றின் கண் குழிந்திருந்தது. செப்டெம்பரில் பிடித்தவற்றில் குறைபாடு இன்னும் கூடியிருந்தது.

ஹெஸ்ஸ-ஹொனெகரிடம் எதிர்ப்பாளர்கள் கேட்ட ஒப்பீட்டை இவர்கள் செய்தார்கள். ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தொலைவில், தூசு அதிகம் எட்டாத ஒக்கினாவாவின் புழுக்களுக்கு ஃபுக்குஷிமாப் பகுதியிலிருந்து கொண்டுவந்த புளியாரையைத் தின்னக் கொடுத்தார்கள். அவையும் சிறுத்தன, கூடுதலாக இறந்தன. 2012 ஓகஸ்டில் வெளியான இந்த ஆய்வுக்கும் மறுப்புகள் வந்தன. வடக்கிலும் தெற்கிலும் வாழும் பட்டாம்பூச்சிகளின் இறக்கை அளவு இயல்பாகவே வேறுபடும் என்றார்கள். செர்னோபில் காடுகளில் கதிர் கூடிய இடங்களில் பூச்சிகளும் சிலந்திகளும் குறைந்திருப்பதாக 2009இல் மொல்லரும் மூசோவும் எழுதியபோதும் இப்படித்தான் வாக்குவாதம் நடந்தது. குறைந்த அளவுக் கதிர் உயிர்களை என்ன செய்கிறது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. ஆனாலும் வாக்குவாதம் இப்போது பிடித்த பூச்சிகளைப் பற்றி, எண்ணிய இறக்கைகளைப் பற்றி நடக்கிறது. 1988இல் அதற்கே இடமிருக்கவில்லை.

ஹெஸ்ஸ-ஹொனெகரின் ஓவியங்களுக்குத் தனியாகக் கவித்துவமான தலைப்பு எதுவும் பெரும்பாலும் இராது. எந்த வகைப் பூச்சி, எந்த ஊரில் பிடித்தது, அருகில் எந்த ஆலை, உடலில் எங்கே குறைபாடு என்று மட்டும் கீழே எழுதியிருக்கும். கண்காட்சியில் அந்த எழுத்தைக் குனிந்து வாசிப்பவர்களில், அந்த ஊர்க்காரர் எவராவது இருக்கக்கூடும்.