நோவு தணிக்கும் கதிர்ச் சிகிச்சை



நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் நம்மிடம் வந்து, "சார், பாட்டிக்குக் கரண்டு வைத்திருக்கிறார்களாம். பக்கத்தில் போனால் எனக்கும் வந்துவிடுமா?" என்று கேட்டாள். அந்த மூதாட்டிக்கு வீட்டில் தனிப் பாய், தனித் தட்டு. பேரப்பிள்ளைகள் அருகே வரக்கூடாது. நோயினும் கொடியது இந்த ஒதுக்கல் அல்லவா? ஆகவே இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

அவருக்கு வந்தது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு உதிரம் கண்டது. வெட்கப்பட்டு மறைத்தார். மருத்துவமனைக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. "குணமாகாது என்றால் கதிர்ச் சிகிச்சை எதற்கு?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கதிர்ச் சிகிச்சைக்கு நோக்கங்கள் இரண்டு. ஒன்று, நோயை அழிப்பது. கருப்பையைச் சுற்றி மட்டும் பரவிய நோயைக்கூட, பல வாரச் சிகிச்சையாலும் மருந்தாலும் குணப்படுத்த வாய்ப்புண்டு. மற்றொன்று, நோய் உடலெங்கும் பரவிவிட்டால் வேதனையைத் தணிப்பது. உங்கள் வீட்டவருக்கு எந்த நோக்கம் என்பதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கதிர் பாய்ந்த புற்றணுக்கள் பெருகும் ஆற்றலை இழக்கின்றன, கட்டி சுருங்குகிறது. அதனால் இரத்தப்போக்கும் துர்நாற்றமும் வலியும் குறைகின்றன. நோவு தணிக்கும் சிகிச்சை குறுகியது. கதிரின் அளவைக் 'கிரே' என்பர். ஒரே தடவையில் 8 கிரே, அல்லது 5 தடவையில் 20 கிரே, அல்லது 10 தடவையில் 30 கிரே என்று நோயாளியின் நிலைக்கேற்பக் கொடுப்பர். ஒவ்வொரு தடவையும் கதிர் பாயும் நேரம் சில நிமிடங்களே. படம் பிடிப்பதுபோல் அசையாமல் படுத்திருந்தால் போதும், சுடாது, வலிக்காது.

பிறகு சோர்வு, குமட்டல், வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல் சில நாள் இருக்கலாம். இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் கதிரால் தலைமுடி கொட்டாது. இரத்தப்போக்கு பெரும்பாலும் சில நாள்களில் குறையத் தொடங்கும். வலி தணியச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மருத்துவர் தரும் வலி மருந்தை, அது மார்பின் ஆனாலும், அஞ்சாமல் சொன்ன அளவில் கொடுங்கள். இரத்தம் நிற்காமல் போனாலும், சிறுநீர் அடைபட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

தாய்மார்களே, மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டால், அல்லது உறவுக்குப் பின் கண்டால், மறைக்காதீர்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்நோய்க்குக் காரணமான கிருமியைத் தடுக்கும் ஊசி, நம் நாட்டில் 2010இல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளிகளில் போடத் தொடங்கப்பட்டது. பள்ளியிலிருந்து அனுமதிப் பாரம் வந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அந்த வீட்டாரிடம் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். மறுவாரம் சென்றபோது, பாட்டியின் அருகில் அமர்ந்து அந்தச் சிறுமி வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.